நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

ஃபிகெய்ரால்
22 செப்டம்பர் 2024

என் மகள் ஒத்தீலியாவுக்கு, அப்பா பெலார்மீனு தன் கையால் எழுதுவது.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. நீயும் மற்ற சகோதரிகளும் சுகமா?

முதல் வரியை இன்னொரு தடவை படித்துப் பார். தன் கையால். இது சுல்மீராவின் கை இல்லை. தபாலாபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆறு வருடமாக உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டியவளும், நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவளும் அவள்தான். எனக்கு எழுத்து தெரியாது என்பது இந்த ஊரில் காலமான உன் அம்மா, நீ, அவள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பிப்ரவரியில் ஒரு நாள் அவள், “எனக்குக் கண்ணுல பொரை வளருது பெலார்மீனு. இனிமே உங்க பொண்ணு கடுதாசிய யாரு படிப்பா? பென்சில எடுங்க” என்றாள். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் அவள் சமையலறையில் பாடம். வட்டமான எழுத்துகள் சீக்கிரம் வந்துவிட்டன. வால் உள்ளவற்றைத்தான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. ஆறு நாளும் சந்தோஷமாகத் தூங்கினேன்.

உறையின் மேல் உன் மடத்துப் பெயரைச் சுல்மீரா எழுதட்டும். உள்ளே நான் வைத்த பெயர்தான்.

இப்போது விஷயம். ஏழாம் தேதி இடி விழுந்தது. எண்ணெய் ஆலையில் எடைமேடைக்குப் பக்கத்திலிருந்த கணினி புகைந்துவிட்டது. நகரத்திலிருந்து கணினி பழுதுபார்க்கும் ஃபௌஸ்து வந்து உள்ளே இருந்த பெரிய போர்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான். உன் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியை ஓட்டும் லினக்ஸ் எழுந்தது, நீ எனக்காக எழுதிய நிரலும் திறந்தது, ஒவ்வொரு விவசாயிக்கும் பெயருக்குப் பதிலாக நீ வைத்த படங்களும் வந்தன. ஆனால் மேடையில் எதை வைத்தாலும் எடை பூஜ்யம். எடைமேடையின் கம்பியைச் செருகும் ஓட்டை போர்டில் இருக்கிறது; லினக்ஸ் அதைப் பார்க்க மறுக்கிறது.

“மாமா, போர்டு ரொம்பப் புதுசு. லினக்ஸுக்கு இது யாருன்னே தெரியல. இன்னும் ஆறு மாசத்துல வர்ற லினக்ஸுக்குத் தெரியலாம்” என்றான் ஃபௌஸ்து.

“ஆறு மாசம் ஒலிவக்காய் மரத்துல தொங்குமாடா?”

“அப்ப இதை அழிச்சிட்டு வேற சிஸ்டம் போட்டுரலாம். அஞ்சு நிமிஷம்.”

“எம் பொண்ணு எழுதினது?”

“அதுவும் போயிரும்.”

அவன் கையிலிருந்த திருப்புளியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

கூட்டுறவுச் சங்கத் தலைவர் அதேரித்து கெடு வைத்துவிட்டார். டிசம்பர் இரண்டாம் தேதி ஆலை திறக்கிறது. அன்றைக்கு எடைமேடை பேசாவிட்டால் பெரிய மில்லின் லாரி வந்து ஊர்க் காய் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகும். நம் ஆலைக் கதவு சாத்தப்படும். உன் நிரலும் போகும், எடைபோடும் நானும் வீட்டுக்குப் போவேன். மேடையில் முள் கிடையாது, உனக்குத் தெரியும். கணினி சொன்னால்தான் எடை.

போன் செய்யலாமே என்றாள் சுல்மீரா. வாசல் சகோதரிதான் எடுப்பாள், சாவுச் செய்திக்கு மட்டும்தான் உன்னைக் கூப்பிடுவாள். இது சாவு இல்லை. எழுது.

அப்பா பெலார்மீனு


கார்மேல் மடம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஒத்தீலியாவின் வணக்கமும் செபமும்.

நான் சுகமாக இருக்கிறேன். இப்போது எனக்கு நற்கருணை அப்பம் சுடும் வேலை. விரல் நுனிகள் எப்போதும் மாவாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வரும் கடிதத்தைத் தலைமை அன்னை முதலில் படிப்பது இங்கே ஒழுங்கு. உங்களுடையதைக் கொடுக்கும்போது, “இத உன் அறைக்குக் கொண்டுபோய்ப் படிம்மா” என்றார். வழக்கமாகப் பொது அறையில்தான் படிப்போம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

திருப்புளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

லினக்ஸை உங்கள் ஆலை மேஸ்திரியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அவர் ஒரு வாயில்காவலனை வைத்திருக்கிறார், டிரைவர் என்பார்கள். காவலன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் எண் உள்ள கருவியை மட்டும் உள்ளே விடுவான். புதுப் போர்டில் அந்த ஓட்டைக்குப் பின்னால் உள்ள சில்லின் எண் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட சில்லுகள் பெரும்பாலும் பழைய சில்லின் தங்கைகள்தாம். யாருடைய தங்கை என்று தெரிந்தால் போதும்.

கூடவே வைத்துள்ள சீட்டில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கறுப்புத் திரையில் அதைத் தட்டுங்கள். கணினி தூங்கி எழுந்தபோது தனக்குள் சொல்லிக்கொண்டதெல்லாம் வரிவரியாக வரும். சீட்டின் அடியில் நான் கோடிட்ட சொல் எந்த வரிகளில் இருக்கிறதோ அவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். பத்து வரிக்கு மேல் இருக்காது.

பத்து நாளுக்கு ஒரு கடிதம், ஒரு தாள். அதற்குள் எழுதப் பார்க்கிறேன்.

பார்வையாளர் சன்னல் ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கும்.

உங்கள் ஒத்தீலியா


ஃபிகெய்ரால்
20 அக்டோபர் 2024

என் மகள் ஒத்தீலியாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். கம்பளித் துணி சுற்றியிருக்கிறேன். உன் விரல் சூட்டில் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும் படித்தேன், சூப் ஆறிப்போயிற்று.

இந்தக் கட்டு கனமாக இருக்கிறதே என்று பார்க்கிறாயா? நானூற்றுப் பன்னிரண்டு வரிகள், இருபத்தாறு பக்கம். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீ கேட்டது பத்து வரிதான், தெரியும். ஆனால் மகளே, எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்யும் அளவுக்கு நான் இன்னும் படிப்பாளி ஆகவில்லை. எழுத்துகள் எல்லாம் நம் எழுத்துகளே, சொற்கள் மட்டும் வேற்றூர்க்காரர்கள். யாரையும் வாசலில் நிறுத்த மனமில்லை.

ஒன்பது நாள் ஆலையில் உட்கார்ந்து எழுதினேன். தினமும் காலையில் அதேரித்து வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்னய்யா பெலார்மீனு, கம்ப்யூட்டர் பாவசங்கீர்த்தனம் பண்ணுதா? ஒண்ணு விடாம எழுதிக்கிறே?”

“ஆமா. உங்களோடதுன்னா இருபத்தாறு பக்கம் பத்தாது.”

“அது இருக்கட்டும். செவ்வாக்கிழமையும் வியாழக்கிழமையும் சுல்மீரா வீட்டு அடுப்படியில உனக்கு என்ன வேல? ஊரே சிரிக்குது.”

“சூப் வைக்கக் கத்துக்கிறேன்.”

“எட்டு மாசமாவா?”

“வால் உள்ள கிழங்கு கொஞ்சம் கஷ்டம்.”

ஊர் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகப் பேசுகிறது. சுல்மீராவிடம் சொன்னேன். “பேசட்டும். எழுபது வயசுல என் பேரு கெடுறதே ஒரு பெருமைதான்” என்று சொல்லிவிட்டு, எட்டாம் பக்கத்தில் ஒரு எழுத்தை நான் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருப்பதைக் காட்டினாள். ரப்பரால் அழித்துத் திருத்திவிட்டேன்.

நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. நாம் ஜெயித்துவிடுவோம்.

அப்பா


கார்மேல் மடம்
28 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா, உங்கள் நலத்துக்காகத் தினமும் செபிக்கிறேன். என் விரல்கள் வேகவில்லை.

உங்கள் கட்டு வந்தபோது வாசல் சகோதரி அதைப் பொருள் பொட்டலம் என்று நினைத்துச் சமையலறையில் கொடுத்துவிட்டார். தலைமை அன்னை ஒழுங்குப்படி இருபத்தாறு பக்கத்தையும் படித்தார். ஒரு சொல்லும் புரிந்திருக்காது. “எங்கயும் ஒரு அடித்தல் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

அப்பா, நான் கேட்ட வரிகள் எதுவுமே அதில் இல்லை. நான் கேட்டதை மட்டும் நீங்கள் அனுப்பியிருந்தால் எனக்கு வெற்றுத் தாள்தான் வந்திருக்கும். நான் கேட்காத ஒரு வரி பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது, மேலிருந்து ஐந்தாவது. அதில் அந்தச் சில்லு தன் எண்ணைச் சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் சும்மா இருந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதன் அக்காவை எனக்குத் தெரியும். மடத்துக்கு வருவதற்கு முந்தைய வருடம் அவளுடைய காவலனைத் திருத்தும் வேலையில் நானும் இருந்தேன்.

தனிச் சீட்டில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன். முதல் வரி அக்காவின் காவலனை வேலைக்குக் கூப்பிடும். இரண்டாவது வரி தங்கையின் எண்ணை அவன் பட்டியலில் சேர்க்கும். இதே வரிசையில் தட்டுங்கள். பிறகு ஓட்டைக்குப் பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, படிப்பதும் இல்லை. வருபவை அன்னையின் இழுப்பறையில் இருக்கும். தாள் முடிந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். பார்வையாளர் சன்னல் ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கும்.

உங்கள் ஒத்தீலியா


ஃபிகெய்ரால்
7 நவம்பர் 2024

என் கெட்டிக்கார மகளுக்கு, முழங்கால் வலியையே மறந்துவிட்ட அப்பா எழுதுவது. சகோதரிகள் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

விளக்கு எரிந்தது. பச்சை.

ஃபௌஸ்துவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் தட்டினேன். ஒரு விரலால், ஒவ்வொன்றாக. அவன் துடித்தான். “மாமா, தள்ளுங்க, நான் அடிக்கிறேன், பத்து செகண்ட்.” நான் தள்ளவில்லை. முதல் வரி தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வரி தட்டினேன். அவன் தரையில் படுத்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “மாமா!” என்று கத்தினான், தலை மேசையில் இடித்தது. நான் போய் மேடையில் ஏறி நின்றேன். திரையில் எழுபத்தொன்று. அவன் ஏறினான், தொண்ணூற்றாறு. இருவரும் சேர்ந்து ஏறினோம்.

“யாரு சொல்லிக்குடுத்தா?” என்றான்.

“ஒத்தீலியா.”

“அவங்கதான் மடத்துல இருக்காங்களே. அங்க ஏது கம்ப்யூட்டர்?”

“பேப்பர் இருக்கு” என்றேன்.

அன்று மாலை அதேரித்துவையும் ஏற்றி நிறுத்தினேன். இறங்கும்போது, “மேடை ரெண்டு கிலோ கூடக் காட்டுது” என்றார். தொப்பையைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இப்போது கெட்ட செய்தி. இரவு அணைத்துவிட்டுப் போனேன். காலையில் போட்டால் விளக்கு இல்லை. எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு வரியையும் மறுபடி தட்டினேன், எரிந்தது. அணைத்தால் மறக்கிறது. அதேரித்து ஆலைக்காரர்கள் முன்னால் சொன்னார்: “பாத்தீங்களா, பெலார்மீனு மாதிரியே அதுக்கும் ஞாபக மறதி.” திறப்பு நாளில் மின்சாரம் பத்து தடவை போகும், ஒவ்வொரு தடவையும் நீ உட்கார்ந்து ஒரு விரலால் தட்டிக்கொண்டிருப்பாயா, வெளியே டிராக்டர்கள் வரிசையில் நிற்குமா என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். தானாக எழுந்து தானாகப் பேசினால்தான் ஒத்துக்கொள்வாராம்.

அப்பா


கார்மேல் மடம்
16 நவம்பர் 2024

அன்புள்ள அப்பா, சுகம். உங்கள் சுகத்துக்கு நன்றி சொல்கிறேன்.

எழுபத்தொன்று குறைவு. சாப்பிடுங்கள்.

நீங்கள் தட்டியது கணினியின் நினைவில் மட்டும்தான் இருந்தது, அணைத்தால் போய்விடும். அது எழுந்ததும் படிக்கும் கோப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கும் விதம் சீட்டில். தங்கையின் எண்ணைச் சேர்க்கும் வரியை அதில் எழுதிச் சேமியுங்கள். பிறகு தினமும் தானாக நடக்கும்.

இந்த முறை ஒரே தாளுக்குள் முடிக்க வேண்டும். சன்னல் ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கும்.

உங்கள் ஒத்தீலியா


ஃபிகெய்ரால்
23 நவம்பர் 2024

என் மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். இப்போதெல்லாம் எனக்குக் கடிதம் எழுத இரண்டு நாள் போதும்.

உன் கடிதம் சின்னதாக இருந்தது. கோபமா, குளிரா, யாராவது ஏதாவது சொன்னார்களா? பதில் எழுத வேண்டாம், கேட்க வேண்டும் போல இருந்தது.

சொன்னபடி கோப்பில் வரியை எழுதினேன். அணைத்தேன். போட்டேன். விளக்கு இல்லை. நான்கு தடவை செய்தேன். ஒரு எழுத்தும் தவறில்லை, ஃபௌஸ்துவும் பார்த்தான். “மாமா, இதுக்கு மேல எனக்கும் தெரியல” என்றான். அவன் நல்ல பையன், தெரியாததைத் தெரியாது என்கிறான்.

இது உன் கைக்கு வர இருபத்தேழு ஆகிவிடும். நீ அன்றைக்கே எழுதினாலும் எனக்கு முப்பதாம் தேதி. அதற்கு மறுநாள் உங்கள் கதவு சாத்திவிடும். அதற்கும் மறுநாள் எங்கள் கதவு திறக்க வேண்டும். அதேரித்து பெரிய மில்லுக்குப் போன் செய்துவிட்டார். லாரி காலை எட்டு மணிக்கு வருகிறது.

பதில் வராவிட்டால் வருத்தப்படாதே. என்னிடம் இருபத்தாறு பக்கம் இருக்கிறது. சுல்மீரா உனக்கு அனுப்பும் முன் நகல் எடுத்து வைத்திருந்தாள்.

அப்பா


ஃபிகெய்ரால்
1 டிசம்பர் 2024

இழுப்பறைக்குள் தூங்கப்போகும் இந்தக் கடிதத்தை என் மகளுக்கு எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது கிறிஸ்துமஸ். உனக்குப் பண்டிகை வாழ்த்து, அன்னைக்கும் சொல்.

நேற்றுத் தபால் வந்தது, உன் கடிதம் இல்லை. சுல்மீராவின் சமையலறையில் இருபத்தாறு பக்கத்தையும் மேசையில் பரப்பினோம். மேசை போதாமல் தரையிலும்.

“எதைத் தேடுறோம்?” என்றாள்.

“தெரியல. படிப்போம்.”

முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த வரிகள் இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டன. இவன் எழுந்தான், அவனைக் கூப்பிட்டான், இந்தக் கருவி பதில் சொன்னது என்று ஒரு ஊர் காலையில் விழிப்பதுபோல இருக்கிறது. ஒவ்வொரு காவலனும் வேலைக்கு வந்ததும் தன் பெயரைச் சொல்கிறான். உன் அக்டோபர் சீட்டில் அக்காவின் காவலன் பெயர் இருக்கிறது அல்லவா, அவன் எப்போது வருகிறான் என்று பார்த்தேன். முந்நூறு வரி போயிற்று. நானூறு போயிற்று. முடிந்துவிட்டது.

“சுல்மீரா, இவன் வரவே இல்ல.”

“ஒழுங்காப் பாத்தீங்களா?”

“நான் எழுதினது. ஒரு வரி விடல. இவன் இல்ல.”

அவனுக்குக் காலையில் வேலையே கிடையாது, மகளே. பட்டியலில் உள்ள எந்தச் சில்லும் போர்டில் இல்லையென்றால் அவனை யார் கூப்பிடுவார்கள்? அக்டோபரில் உன் முதல் வரிதான் அவனைக் கூப்பிட்டது. நவம்பரில் இரண்டாவது வரியை மட்டும் எழுதச் சொன்னாய். ஆளே இல்லாத வாசலில் நின்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பத்து வரி மட்டும் எழுதியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. முழுவதும் எழுதியதால்தான் இல்லாதவன் இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போனோம். கோப்பைத் திறந்து, உன் இரண்டாவது வரிக்கு மேலே முதல் வரியை எழுதினேன். அணைத்தேன். போட்டேன். சுல்மீராவுக்குப் புரைக்கண், கீழே குனிந்து, “பச்சையா ஏதோ தெரியுதே, அதுவா?” என்றாள்.

அதுதான். ஆறு தடவை அணைத்துப் போட்டேன். ஆறு தடவையும் அதுவே எழுந்து அதுவே பேசியது. நாளைக்கு லாரி வரட்டும்.

அப்பா


ஃபிகெய்ரால்
4 டிசம்பர் 2024

இன்னொரு இழுப்பறைக் கடிதம். கை முழுக்க எண்ணெய் நாற்றம், காகிதத்திலும் பட்டிருக்கும், மன்னித்துக்கொள். உடம்பு நன்றாக இருக்கிறது.

முந்தாநாள் எட்டு மணிக்கு லாரி வந்தது. ஆலை முற்றத்தில் இருபது டிராக்டர்கள். அதேரித்து எல்லோர் முன்னாலும் நேராகப் போய் மின்சாரப் பெட்டியை இழுத்து அணைத்தார். விளக்குகள் போயின. பத்து எண்ணி மறுபடி போட்டார். கணினி எழுந்தது. கீழே பச்சை. ஃபெலிஸ்மீனா முதல் மூட்டையை மேடையில் இறக்கினாள். நாற்பத்தெட்டு கிலோ, திரையில் அவளுடைய பூனைப் படம்.

“சரிதான். அதிர்ஷ்டம்” என்றார் அதேரித்து. மறுபடி அணைத்தார். மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை கையை வைத்தபோது லாரி ஓட்டுனரே, “ஐயா, அதை விட்டுருங்க, எனக்கு வேற ஊருக்குப் போகணும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அதேரித்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரைக்கு முன்னால் வந்து நின்றார். “எட்டு மாசம் அடுப்படி, ஒன்பது நாள் கிறுக்கல். நீ என்னதான் எழுதினே? எங்க, இதுல ஒண்ணப் படி பாப்போம்” என்று மேசையிலிருந்த என் நகல் கட்டிலிருந்து ஒரு பக்கத்தை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், மகளே.

வாங்கிப் படித்தேன். பதினேழாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. எழுத்து எழுத்தாக. பிறகு சொன்னேன்: “போன பிப்ரவரி வரைக்கும் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எம் பொண்ணு அதுக்குத்தான் இதுல எல்லாருக்கும் படம் வச்சா. நாப்பது வருஷம் உங்க காயெல்லாம் நான் ஞாபகத்துலதான் எடை வச்சேன். ஒருத்தருக்கும் ஒரு கிலோ தப்பல. இப்ப படிக்கத் தெரியும். வேற கேள்வி இருக்கா?”

ஃபெலிஸ்மீனாதான் முதலில் சிரித்தாள். “அப்ப சுல்மீரா வீட்டுல பாடமா நடந்துச்சு? சே, நான் கல்யாணத்துக்குப் புதுச் செருப்பே வாங்கிட்டேன்.”

நேற்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரைத் தட்டினேன். திரையை மக்கள் பக்கம் திருப்பி வைத்தேன். அதேரித்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆறு வருஷமா நான் வான்கோழியா?”

“படம் எடுத்துரட்டுமா?”

“வேணாம்” என்றார். “எல்லாரும் பழகிருப்பாங்க.”

அப்பா


கார்மேல் மடம்
27 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். எல்லோரும் சுகம். பண்டிகைக்கு உங்கள் எண்ணெய் வாசனை உள்ள காகிதத்தை எல்லாச் சகோதரிகளும் முகர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு கடிதங்களையும் நேற்று சேர்த்துப் படித்தேன். வான்கோழி இடம் வந்ததும் அன்னை உட்பட எல்லோரும் சிரித்தோம். படம் வைத்தவள் நான் என்று ஒத்துக்கொண்டேன்.

தவறு என்னுடையது. அக்டோபர் கடிதத்தில் ஓரத்தில் எழுதியதற்காக, ஒரு தாள் என்றால் ஒரு தாள் என்று எனக்கு நினைவூட்டினார்கள். அது சரிதான். நவம்பரில் சொற்களை எண்ணி எழுதினேன், முதல் வரியை விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்ததுமே புரிந்தது. உடனே எழுதினேன், அதற்குள் தபால்பை போய்விட்டது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நீங்கள் செய்ததுதான் இருக்கிறது.

அன்னை அன்றைக்கு, “போன்ல சொல்லிரலாமா? ஒழுங்கு தாங்கும்” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் அப்பா முழுவதையும் படிக்கிறவர் என்றேன். சொல்லிவிட்டு நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை.

பார்வையாளர் சன்னல் ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கும்.

உங்கள் ஒத்தீலியா


ஃபிகெய்ரால்
31 டிசம்பர் 2024

என் மகளுக்கு, வருடத்தின் கடைசி நாளில் அப்பா எழுதுவது. சுகத்தை விசாரிக்கவில்லை. ஏன் என்று கீழே தெரியும்.

உன் கடிதம் வராத நாட்களில் கைக்குப் படிக்க ஒன்றும் இல்லை. அலமாரியிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன், ஆறு வருடத்துக் கடிதங்கள், சுல்மீரா எனக்குப் படித்துக் காட்டியவை. நானே படித்துப் பார்ப்போம் என்று. எல்லாமே நினைவில் இருந்தவைதான், ஒரு வரியைத் தவிர. சன்னல் ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கும். ஒவ்வொன்றின் அடியிலும். எண்ணிப் பார்த்தேன், எண்பத்து மூன்று தடவை.

அக்டோபரில் முதல் தடவை அதைப் படித்தபோது, நான் கையால் எழுதியதால் ஆறு வருடத்துக்குப் பிறகு மறுபடி கூப்பிடுகிறாய் என்று நினைத்திருந்தேன்.

சுல்மீராவிடம் போனேன். உன் கடிதக் கட்டை அவள் மேசையில் வைத்தேன். அவள் உடனே புரிந்துகொண்டாள்.

“மொதல் கடுதாசியில படிச்சேன் பெலார்மீனு. நீங்க எந்திரிச்சு வெளிய போனீங்க. ‘கம்பிக்குப் பின்னாடி நிக்கிற புள்ளயப் பாக்க மாட்டேன், அந்தப் பேச்ச இனி எடுக்காத’ன்னு தெருவுல நின்னு கத்துனீங்க. மூணு மாசம் வரல. மறுபடி வந்தப்ப, அந்த வரிய விட்டுட்டேன். கடுதாசியாவது கேக்கட்டும்னு.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும். தப்புன்னு தெரியும். அதனாலதான் பென்சில எடுங்கன்னு சொன்னேன். கண்ணுக்காக மட்டும் இல்ல.”

அவள் மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவள் சூப் ஊற்றினாள், குடித்தேன்.

நீயோ ஆறு வருடம், ஆளில்லாத வாசலில் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

வரும் ஞாயிறு ஜனவரி ஐந்து. விடியற்காலை பேருந்தில் நகரம், அங்கிருந்து ரயில், பிறகு இன்னொரு பேருந்து. ஃபௌஸ்து காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். புது எண்ணெய் ஐந்து லிட்டர் கொண்டுவருகிறேன். நம் மேடையில் எடைபோட்டது. இந்த உறையைப் பார்த்திருப்பாய், மேலே உன் மடத்துப் பெயரை நானே எழுதியிருக்கிறேன். நீளமான பெயர்தான், ஆனால் வால் உள்ள எழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

நான் வழி தவறிவிடுவேன் என்று பயப்படாதே. யாரிடமும் வழி கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு பலகையையும் படித்துக்கொண்டு வருவேன், ஒன்று விடாமல். மூன்று மணிக்கு அங்கே இருப்பேன்.

அப்பா பெலார்மீனு